பித்தப்பைக் கல்லை எந்த ஆஸ்பத்திரியில் எடுப்பது?

ஓஷ் நகரம்

மதிப்பிற்குரிய தாய்மாமா சகின்பெக் அவர்களுக்கு, தங்கள் தங்கை மகன் எர்மெக்கின் சலாம். தாங்களும் அத்தையும் குதிரைகளும் நலம் என்று அறிந்தேன். தங்கள் பித்தப்பை மட்டும் நலமில்லை என்று அம்மா சொன்னார்.

கல்லை அரசு ஆஸ்பத்திரியில் எடுப்பதா, தனியாரிடம் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். இரண்டும் வேண்டாம்.

போன வாரம் அரசு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் பம்பு அலறியது. நர்ஸ் ஜூரா அக்கா சத்தத்தை நிறுத்தினார். பம்பை மறுபடி ஓடவிட மறந்தார். மருந்து இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கத்தியதால் நோயாளி பிழைத்தார். யாருக்கும் நேரக்கூடிய தவறு, எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும் என்று காலைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அந்தக் கூட்டத்துக்கு 'ஐந்து நிமிடம்' என்று பெயர். மதியச் சாப்பாடு வரை நீளும். தலைமை மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "யாரு அது? எந்திரி!" ஜூரா அக்கா எழுந்தார், மிச்சக் கூட்டமெல்லாம் திட்டு. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா தம்பி, உன் வாய்க்கு ஒரு பிளாஸ்திரி போடட்டுமா?" என் வாய்க்குப் போடவில்லை. மறுநாள் வார்டில் எல்லாப் பம்புகளும் சத்தம் வரும் ஓட்டையில் பிளாஸ்திரியோடு நின்றன. அவர்கள் கற்றுக்கொண்டது அதுதான்.

சரி, தனியாரிலாவது உருப்படுமா என்று பார்த்தால், அங்கே சாயங்கால ஷிப்டுக்கு வருவதும் அதே ஜூரா அக்காதான். முதலாளி திலெக் ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, "தப்பை மறைக்காதீங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கைதட்ட வைத்தார். அதை நம்பி வாயைத் திறந்த ஒரு பெண்ணைக் குடும்பத்தை விட்டே அனுப்பினார். அப்புறம் வாசல்ல 'தவறே நடக்காத மருத்துவமனை'ன்னு பலகை. அதுக்குக் கீழ எங்களை நிக்க வெச்சு போட்டோ வேற எடுத்தாங்க மாமா. "சிரிடா, நீயும் குடும்பம்தானே"ன்னு ஜூரா அக்கா முழங்கையால இடிக்கிறாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு. அரசாங்கத்துல பயந்து மறைக்கிறாங்க, தனியார்ல கைதட்டி மறைக்கிறாங்க. தப்பை வாய்விட்டுச் சொல்ற ஒரே ஆள் இந்த ஊர்ல நான்தான். தலைகீழா நின்னாலும் இவங்க திருந்தமாட்டாங்க. நீங்க பேசாம தலைநகர் பிஷ்கெக் போய் அங்க இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துக்குங்க.

அத்தை அனுப்பிய குருத் என்னும் காய்ந்த தயிருருண்டைகள் வந்தன; கடித்ததில் ஒரு பல் ஆடுகிறது. இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் கல்லில்லாத வயிற்றையும் அருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
எர்மெக்

பின்குறிப்பு: உறை தேடிச் சட்டைப்பையில் கைவிட்டால் ஒரு திருகாணி வருகிறது. நேற்று நான் சரிசெய்து மூடிய பம்பினுடையது. பம்பு இன்று காலை பிஷ்கெக்கில் நான் சொன்ன அதே ஆஸ்பத்திரிக்கு இரவல் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடாதீர்கள், ஜூரா அக்கா காதுக்குப் போனால் நான் செத்தேன். நான் அங்கே போய் நைசாக அதைத் திருகிவிட்டு வரும்வரை, தயவுசெய்து, வலியைப் பொறுத்துக்கொள்ளவும்.