கழலை பாயின் கிண்ணம்

மரத்துக்கு வந்த கட்டியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவர் திருச்சி ஜில்லாவிலேயே எங்கள் கழலை பாய் ஒருவர்தான்.

தென்னூரில் எங்கள் வீட்டை ஒட்டி அவருடைய கடைசல் பட்டறை; பகலெல்லாம் மோட்டார் இரைச்சல். கட்டில் காலும் பூரிக்கட்டையும் கடைந்து கொடுப்பது பிழைப்பு. உயிர் மட்டும் மரக்கழலையில் இருந்தது. அடிமரத்தில் கட்டிபோலப் புடைத்திருக்குமே, அதுதான். அதைக் கடைந்தால் ரேகைகள் சுழிசுழியாக வரும், கிண்ணம் செய்வார். சாலையோரப் புளியமரத்தில் ஒன்று கண்ணில் பட்டால் சைக்கிளை நடுரோட்டில் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால், “கொஞ்சம் சுத்திப் போங்களேன்” என்று டிரைவருக்கு யோசனை சொல்வார்.

என் மாமனார் தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அவரை முதலில் பார்த்தபோது பாய் வணக்கம் சொல்லவில்லை.

“எத்தனை வருஷமா வளருதுங்க?” என்றார்.

அதற்குப் பிறகு மாமனார் தலைப்பாகை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. மருங்காபுரிப் பக்கமிருந்து பூசணிக்காய் அளவு வேப்பங்கழலை ஒன்றை வண்டி வைத்துக் கொண்டுவந்தார். நாலு நாள் கடைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பட்டறை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில், கடைசல் எந்திரத்தின் திருகாணி பிடி விட்டு, முக்கால்வாசி முடிந்த கிண்ணம் பிய்த்துக்கொண்டு பறந்தது. பட்டறை ஜன்னல் வழியாக வெளியேறி, கம்பி வைக்காத எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே போனது. அந்த ஜன்னலடியில்தான் என் எட்டு மாதக் குழந்தையின் தொட்டில்.

நான் எழுவதற்குள் பாய் ஓடிவிட்டார். மோட்டாரைக்கூட நிறுத்தவில்லை. நான் உள்ளே போனபோது தொட்டிலைப் பிடித்தபடி நின்றார். உள்ளே கிண்ணம் கிடந்தது.

“புள்ள... புள்ள எங்கங்க?”

நான் தொட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன்.

கொல்லையிலிருந்து என் மனைவி, குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். “குளிப்பாட்டிட்டு இருந்தேன். என்ன பாய், தொட்டில்ல என்ன இது?”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று தரையில் உட்கார்ந்தவர் கால்மணி நேரம் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி காபி கொடுத்தாள். பாதி குடித்த பிறகு, பாய் மறுகையால் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு விரிசல்கூட இல்லைங்க” என்றார்.

மனைவி அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் பாய் தன் பட்டறை ஜன்னலைத் தானே செங்கல் வைத்து அடைத்துவிட்டார். சித்திரை வெயிலில், காற்றில்லாமல் வெந்துகொண்டே கடைந்தார். “தொட்டிலை உள்ளறைக்கு மாத்திட்டோம் பாய், திறந்துடுங்க” என்று மனைவியே கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அறுபதுகளில் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனோம். சத்தமில்லாத தெரு. இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி சொன்னாள்: “காது அடைச்ச மாதிரி இருக்குங்க. பாயைப் பாத்துட்டு வந்துடலாமா?”

நான் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தேன்.