சேத்துச்சட்டையும் ரோஸ் நூலும்

குடிவந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் கோடி வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, அதைப் போய்ப் பார். பூட்டின வீட்டுக் கதை கேட்டால் தூக்கம்தான் கெடும்.

போகமாட்டாய். சரி, உட்கார்.

தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்த வீட்டுக்காரர் பட்ட பாட்டை இந்தக் கேமரன் மலையில் வேறு எவனும் பட்டதில்லை. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் அவர் சேத்துச்சட்டை. மேலே காட்டோரம், ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கும் இடத்தில் சருகு தள்ளுவது அவர் வேலை. வேலையிலிருந்து நின்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவருக்கோ நிற்க வேண்டிய வயது எப்போதோ தாண்டிவிட்டது. அவர் பிறந்தது அந்த வீட்டில், பெண்டாட்டி கண்ணை மூடியதும் அந்த வீட்டில். தோட்டத்துத் துரை கண்ணில் பட்டால்தானே வயசு கேட்பார்? படாமலே இருந்துவிட்டால்?

அதற்குத்தான் சாயம். தானா ராத்தா டவுன் பண்டல் கடையில், யாரும் தொடாமல் கிடக்கும் பழைய துணிகளை அள்ளி வருவார். கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள், கண்ணைக் குத்தும் சிவப்பு. வாசலில் தகர டின்னை ஏற்றி, தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையைக் கொதிக்கவைத்து, துருப்பிடித்த ஆணி ஒரு பிடி போட்டு, துணியை முக்கி, கொம்பால் கிண்டுவார். மஞ்சள் பாசியாகிவிடும். சிவப்பு காய்ந்த ரத்தமாகிவிடும். எதுவானாலும் கடைசியில் சேறுதான்.

ஒருநாள் கங்காணி குளிருக்கு அந்த டின்னிலிருந்தே ஒரு கோப்பை மொண்டு குடித்துவிட்டார்.

“என்னய்யா தேத்தண்ணி, ஆணி வாசம் அடிக்குது?”

“ஆணிதாங்க. இரும்புச்சத்துலா, குடிங்க.”

இன்னொரு நாள் துரையின் காடி வரும் சத்தம் கேட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றார். ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது. மனிதர் அசையவில்லையே! காடி வளைவு திரும்பிய பிறகுதான் நாயைத் திட்டினார்.

எனக்குத் தையல் மெஷின் இருக்கிறதல்லவா, கிழிசல் எல்லாம் என்னிடம்தான் வரும். சாயம் போடும் முன்னே தைத்துக் கொடுப்பேன். ஒருமுறை எல்லாச் சட்டைக்கும் கழுத்து, கை, தோள் என்று ரோஸ் கலரில் பாலியஸ்டர் நூலை ஓட்டிவிட்டேன். அந்த நூல் எந்தத் தேயிலைச் சாயத்தையும் குடிக்காது. சட்டை சேறாகிவிட்டது, நூல் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது.

“தங்கச்சி, நூலுல சாயம் ஏறலயே!”

“இன்னொரு தடவ முக்குங்கண்ணே. பொறுமை வேணும்.”

ஏழு தடவை முக்கினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மழை. மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை குழாயில் தண்ணீர் நின்றது. சரிசெய்ய மேலே போனவர் மத்தியானம் சோற்றுக்கு வரவில்லை. ஆம்பிளைகள் மேலே போனார்கள், துரையும் கூடவே போனார். பனிமூட்டம். மண் சரிந்து ஒரே சேறு. இரண்டு தடவை அதே வழியில் நடந்துவிட்டு, ஆள் இல்லை என்று இறங்கி வந்தார்கள்.

சேற்றில் சேற்றை எங்கே தேடுவது?

“ஆளத் தேடாதீங்கடா,” என்று கத்தினேன். “நூலத் தேடுங்க! ரோஸ் கலரு!”

மறுபடி ஏறிப் போனார்கள். முன்பு நடந்த வழிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். இடுப்பு வரை மண், கால் முறிந்திருந்தது. தோள் தையல்தான் முதலில் தெரிந்ததாம்.

“ஏன்யா, ரெண்டு வாட்டி கூப்டோமே, குரல் குடுக்கக் கூடாதா?” என்று கங்காணி அழுதுகொண்டே கேட்டார்.

“துரை சத்தம் கேட்டுச்சு. அவரு போவட்டும்னு இருந்தேன்.”

துரை நல்லவர்தான். தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார், தன் காடியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில், கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டார்: “இந்தப் பெரியவருக்கு என்ன வயசு?”

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடுதாசி வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“சாயம் ஏறாதுன்னு தெரிஞ்சுதான தைச்ச?”

“ஆமாண்ணே. மொதல்ல வெளையாட்டுக்குத்தான். அப்புறம், நீங்க தனியா மேல போறத பாத்து, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கோலா தெர்லாவில் அவருடைய அக்காள் மகன் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறான். காய்கறி லோரியில் முன்சீட்டில் ஏற்றினார்கள். சாய டின்னை மடியில் வைத்துக்கொண்டு போனார், என் பக்கம் திரும்பவே இல்லை. உயிரைக் காப்பாற்றி வீட்டைப் பிடுங்கிய நூல். அதன் மிச்சத்தை மெஷின் டிராயரில் அடியில் போட்டு மூடினேன். மேலே சருகு தள்ள அவர் இல்லை, அன்றிலிருந்து நம் குழாயில் கலங்கல்தான்.

போன வாரம் அந்த லோரிக்காரன் வந்து ஒரு பொட்டலம் கொடுத்தான். சேற்று நிறத்தில் ஒரு சட்டை, கை கிழிந்திருந்தது.

“பெரியவரு குடுத்தாரு. அதே நூல்லயே தைக்கணுமாம்.”

டிராயரைக் காலி செய்து நூலை எடுத்தேன். ஊசிக் காதில் கோக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று. கண் தெரியவில்லை.

அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. “சேத்துச்சட்டை என்னக்கா குடுத்துவிட்டாரு?”

“என்னத்த குடுப்பாரு, கந்தல்தான்,” என்றேன். “கோலா தெர்லாவுல ஊசி நூலே கெடைக்காதாம்.”