சீகிரியா ஓடுபாதையில் பதுர்தீனின் கால்

மாத்தளை கொங்காவெலையில் மிளகு வியாபாரம் செய்த பதுர்தீன், எவர் சொன்ன முதல் வார்த்தைக்கும் ஒருநாளும் தலையாட்டியவர் அல்ல. காய்ச்சலுக்கு டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்றால், ஒரு வேளையில் பேரத்தை ஆரம்பித்து இரண்டு வேளையில் முடிப்பார். முடி வெட்டுபவர் குனியச் சொன்னால் நிமிர்வார். இடது காதில் இன்னும் தழும்பு இருக்கிறது.

வியாபாரத்தில் இந்தக் குணம் அவரைத் தூக்கிவிட்டது. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சாக்குத் தூக்கப் போனவர், முப்பது வயதில் சொந்தக் களஞ்சியத்துக்குச் சாவி போட்டார். வீட்டில் அந்தக் குணம் என்ன செய்தது என்பது வேறு கதை. அதுதான் இந்தக் கதை.

சீமைக்குப் போக மூட்டை கட்டிய ஒரு தோட்டத்துத் துரையிடம் அவர் மிளகு வாங்கப் போனார். மூன்று மணி நேரம் பேசினார். கடைசியில் துரை மிளகையும் கொடுத்து, "இந்தக் காரையும் கொண்டுபோய்த் தொலை, எனக்குக் கப்பலுக்கு நேரமாகிறது" என்று சாவியைக் கையில் திணித்தார். அதற்குப் பிறகும் பதுர்தீன் ஒரு டயர் கேட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

பச்சைக் கார். இரண்டே ஆசனம். கூரை கிடையாது. வயது முப்பத்தொன்று, பதுர்தீனை விட ஒரு வயது இளசு. வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலில் அது போய் நின்றது.

அந்தக் கொட்டிலில்தான் அவர் மனைவி றாபியா வசுவாசி காயவைப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சாதிக்காய் வாங்கி, அதன்மேல் சிவப்பாகப் படர்ந்திருக்கும் வசுவாசியை உரித்து, உலர்த்தி, கொழும்புக்கு அனுப்புவாள். அது அவளுடைய சொந்த வியாபாரம். கார் கொட்டிலுக்குள் வந்ததும் வசுவாசி படுக்கையறைக்குள் வந்தது. கட்டிலுக்கு மேலே வலை கட்டிக் காயவைத்தாள். பதினொரு மாதம் புருசனும் பெண்சாதியும் அதன்கீழே படுத்தார்கள். பள்ளிவாசலில் பதுர்தீன் வந்து நின்றால் பக்கத்து வரிசைக்கெல்லாம் பசி எடுத்தது. ஆனாலும் மாத்தளை மழைக்கு அறைக்குள் காயுமா? இரண்டு மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போனது. கொழும்புக்காரன், இன்னொருமுறை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைத்தபடி பதுர்தீன் அறிவித்தார்.

"சீகிரியாவுல கார் ஓட்டம் வெக்கிறாங்க. சண்டைக்காலத்துல பிளேன் எறங்குன பாதையில. முப்பது வருசத்துக்கு மேற்பட்ட காருங்க மட்டும். பன்னெண்டு சுத்து. நான் ஓடப்போறேன்."

"கார் கூட வருமா?"

"நக்கலா? கோப்பையோட வந்து நிக்கிறேன் பாரு!"

"வாங்க, வேணாங்கல. ஆனா தோத்துட்டா அந்தக் காரை வித்துட்டு எனக்குக் கொட்டிலைத் தரணும்."

முதல் வார்த்தை. பதுர்தீனின் மீசை சிலிர்த்தது.

"தோத்தா விக்கிறதா? ஒனக்கு வியாபாரம்னா என்னன்னு தெரியுமா? தோத்த காரை எந்த மடையன் வாங்குவான்? ஜெயிச்ச காருக்குத்தான் ஆள் வரும்!"

"அப்ப ஜெயிச்சா விப்பீங்களா?"

"ஜெயிச்சாத்தான் விக்கணும். அதான் வியாபாரம்!"

"தோத்தா?"

"தோத்தா கெடக்கட்டும் கொட்டில்லயே! ஆயுசுக்கும் கெடக்கட்டும்!"

"சரி" என்றாள் றாபியா.

காரின் என்ஜினைப் பார்க்க வந்திருந்த கராஜ்கார நல்லையா வாசலில் நின்றார். றாபியா அவர் பக்கம் திரும்பினாள். "நல்லையாண்ணே, நீங்க சாட்சி."

நல்லையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.  பதுர்தீன் இன்னும் இரண்டு பிடி சோறு போட்டுச் சாப்பிட்டார். இத்தனை வருச வியாபாரத்தில் இவ்வளவு சுருக்காக ஒருவரும் அவரிடம் 'சரி' சொன்னதில்லை. வேறு வியாபாரியாக இருந்தால் பயந்திருப்பான். பதுர்தீன் அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

ஓட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சீகிரியாவில் பழகிப் பார்க்க விட்டார்கள். நேரான பாதை. இரண்டு முனையிலும் தார்ப் பீப்பாய்கள். போய் ஒரு பீப்பாயைச் சுற்றி வந்து, மற்றப் பீப்பாயையும் சுற்றினால் ஒரு சுற்று.

பதுர்தீன் பேரம் பேசுவதுபோலத்தான் பிரேக்கும் பிடித்தார். கடைசி நிமிசம் வரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பீப்பாய் மூக்குக்கு நேரே வந்த பிறகு, இரண்டு காலாலும் ஏறி மிதிப்பார். முதல் மூன்று சுற்று பிரமாதம். நாலாவது சுற்றில் மிதித்தார். பெடல் கருங்கல் மாதிரி நின்றது. கார் நிற்கவில்லை. பீப்பாயைத் தள்ளிக்கொண்டு இலுக்குப் புல்லுக்குள் போய், பதுர்தீன் கலிமாச் சொல்லி முடித்த பிறகுதான் ஓய்ந்தது. சக்கரத்திலிருந்து புகை வந்தது. தலைமயிர் கருகிய நாற்றம்.

"பிரேக் செத்துட்டுது!" என்று கத்தினார்.

"சாவல நானா, மயங்கிட்டுது" என்றார் நல்லையா; பதுர்தீனை மரியாதையாக 'நானா', அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். "நீங்க அந்த மிதி மிதிச்சா சக்கரத்துக்குள்ள பிரேக் டிரம் கொதிக்கும். கொதிச்சா லைனிங் பிடிக்காது, வழுக்கும். எவ்வளவு மிதிச்சாலும் அவ்வளவுதான். தொலைவுலயே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்திடணும். கியரைக் கொறைச்சா என்ஜினே காரைப் பிடிச்சுக்கும். அப்புறம் பிரேக்கை ஒரே ஒரு தரம், சின்னதா. மத்த நேரமெல்லாம் காத்துப்பட விடணும்."

"எவ்வளவு தொலைவுல?"

"நூறு யார் தூரத்துல."

"அம்பது."

"நானா, இது மிளகு இல்ல."

"சரி, அறுபது! அதுக்கு மேல ஒரு அடி தரமாட்டேன்!"

பார்சல் சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த றாபியா கேட்டாள்: "நல்லையாண்ணே, கொதிச்ச டிரம் ஆற எவ்வளவு நேரம்?"

"ரெண்டு சுத்து பதமா ஓடினா ஆறிடும் தங்கச்சி."

றாபியா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பங்கு போட்டாள்.

ஓட்ட நாள் வந்தது. ஆறு கார். மாத்தளையின் திருகோணமலை வீதிக் கடைக்காரர்களில் பாதிப் பேர் பஸ் பிடித்து வந்து நின்றார்கள். புறப்படும் நேரத்தில் ஓட்டம் நடத்துகிறவர் ஒரு விதியை வாசித்தார்: இரண்டு ஆசனமுள்ள காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

"நல்லையா, ஏறு."

"எனக்கு நாலு புள்ளைங்க நானா."

றாபியா முக்காட்டைத் தாடைக்குக் கீழே இறுக்கி முடிந்துகொண்டு இடது ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயா?"

"வேற ஆள் இருந்தா எறங்கிக்கிறேன்."

ஆள் இல்லை. கொடி விழுந்தது.

முதல் இரண்டு சுற்றில் பதுர்தீன் மூன்றாவது. முன்னால் உக்குவளை ஸக்கரியாவின் கறுப்புக் கார். மூன்றாவது சுற்றில், பீப்பாய்க்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஓர் அம்மாவுக்கு றாபியா கை காட்டினாள்.

"யாரது?" என்று என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"கண்டி டாக்டர் சந்திரகாந்தா! கார் வாங்க வந்திருக்காங்க!"

"எந்தக் கார்?"

"இந்தக் கார்! பன்னெண்டு சுத்தும் பிரேக் மயங்காம ஜெயிச்சா இன்னைக்கே எடுத்துக்கிறாங்களாம்!"

அரைச் சுற்று ஓடியது. பிறகு பதுர்தீனுக்கு மெதுவாக விளங்கியது. ஜெயித்தால் கார் போகும். தோற்றால் கார் ஆயுசுக்கும் கொட்டிலில் நிற்கும்.

"எந்த மடையன் இப்படி ஒரு பேச்சுப் பேசினான்?"

"நீங்கதான்! நல்லையாண்ணன் சாட்சி!"

தோற்க வேண்டும். ஆனால் எப்படி? மெதுவாக ஓட்டினால் திருகோணமலை வீதி முழுக்கச் சிரிக்கும். பிரேக் மயங்கினால்? பாவம், பிரேக் போய்விட்டது என்பார்கள். ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த பீப்பாய் மூக்குக்கு நேரே வரும் வரைக்கும் விட்டு, இரண்டு காலாலும் ஏறி மிதித்தார். அதற்கடுத்ததிலும் மிதித்தார். கருகல் நாற்றம் மெல்லக் கிளம்பியது. பதுர்தீனுக்கு அது அத்தர் மாதிரி மணத்தது.

றாபியா மூக்கைச் சுருக்கினாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த முனை இன்னும் நூறு யார் தூரத்தில் இருந்தது.

"அப்படித்தான்! காலை எடுக்காதீங்க! அமத்துங்க!"

பதுர்தீனின் கால் தானாக மேலே வந்தது.

"கியரைத் தொடாதீங்க! இதுலயே போங்க!"

கை போய் கியரைக் குறைத்தது. என்ஜின் முனகிக்கொண்டு காரைப் பிடித்தது. பச்சைக் கார் ஒரு சின்ன மிதியோடு பீப்பாயைச் சுற்றி வந்தது.

"இனி மெதுவாப் போங்க! எனக்குப் பயமா இருக்கு!"

கார் பறந்தது.

இப்படியே ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. நாற்றம் அடங்கியது. மற்றக் கார்கள் அப்படியில்லை. ஒன்று புகைந்துகொண்டு ஒதுங்கியது. இரண்டு, பீப்பாய் இருந்த இடத்தைத் தாண்டி இலுக்குப் புல்லுக்குள் போயின. இன்னொன்றின் சாரதி இறங்கி நின்று தன் சக்கரத்தை ஏசிக்கொண்டிருந்தார். பத்தாவது சுற்றில் மிச்சமிருந்தவை ஸக்கரியாவின் கறுப்புக் காரும், அதற்குப் பத்து யார் பின்னால் பதுர்தீனும்தான்.

அப்போதுதான் பதுர்தீன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். களஞ்சியத்தில் திருடின கணக்கப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பொம்பளை சொல்வதற்கு மாறாகச் செய்து செய்து, அவள் நினைப்பதையே செய்துகொண்டிருக்கிறது! கோபம் உச்சிக்கு ஏறியது. வல்லாஹி, இனி இவள் எதைச் சொல்கிறாளோ அதை அப்படியே செய்வேன் என்று மனதுக்குள் சத்தியம் பண்ணினார்.

"காலை எடுக்காதீங்க!" என்றாள்.

எடுக்கவில்லை.

"பிரேக்கை ஏறி மிதிங்க!"

ஏறி மிதித்தார். ஆனந்தமாக மிதித்தார். புகை எழும்பியது. ஸக்கரியா முப்பது யார் முன்னால் போய்விட்டார். பதுர்தீன் கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்தார்.

றாபியா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது சுற்றிலும், பன்னிரண்டாவதில் கடைசி முனை வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் பதுர்தீனுக்கு ஏற்பதற்கும் ஒன்றுமில்லை, மறுப்பதற்கும் ஒன்றுமில்லை; காலுக்கு வேலையில்லாமல் கார் பாட்டுக்கு ஓடியது, டிரம்மில் காற்றுப்பட்டது. கடைசி முனை. முன்னால் ஸக்கரியா இன்னும் காலை எடுக்கவில்லை.

"இப்பக் காலை எடுங்க" என்றாள் றாபியா, சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில்.

சத்தியம் பண்ணியாயிற்று. எடுத்தார்.

"கியரைக் கொறைங்க."

குறைத்தார். பொறு, இவள் இப்போது நேராகச் சொல்கிறாளா, மாறாகச் சொல்கிறாளா? மாறாகச் சொல்வதாக நான் நினைப்பேன் என்று நினைத்து நேராகச் சொல்கிறாளா? பதுர்தீன் அதை யோசித்து முடிக்கும் முன்னே வளைவு முடிந்துவிட்டது. ஸக்கரியாவின் பெடல் கல்லாக நிற்க, கறுப்புக் கார் பீப்பாயைத் தள்ளிக்கொண்டு புல்லுக்குள் இறங்கிப் போனது. பச்சைக் கார் தனியாக வந்து கோட்டைத் தாண்டியது.

திருகோணமலை வீதி கூச்சல் போட்டது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ ஒரு பெரிய வெள்ளிக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். குடையோடு டாக்டர் அம்மா வந்தார்.

"பதுர்தீன் முதலாளி, அருமை! எவ்வளவு முன்னாலயே காலை எடுக்கிறீங்க! என்ன பொறுமை!"

பதுர்தீன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். சாட்சி நல்லையா பக்கத்திலேயே நின்றார். சாவி கை மாறியது.

"ஒரு உதவி றாபியா" என்றார் டாக்டர். "இந்தப் பிரேக்குக்கு நான் புதுசு. மாத்தளை வரைக்கும் கூட வந்து, எங்கெங்க காலை எடுக்கணும்னு சொல்லித் தாங்களேன்."

"அதுக்கென்ன டாக்டரம்மா." றாபியா இடது ஆசனத்தை விட்டு இன்னும் இறங்கியிருக்கவில்லை. புருசன் பக்கம் திரும்பினாள். "நான் முன்னால போய்க் கொட்டிலைக் கூட்டி வெக்கிறேன். நீங்க ஸக்கரியா நானாவோட வாங்களேன்."

ஸக்கரியாவின் காரில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் நல்லையா ஏறிவிட்டிருந்தார். வழியில் டிரம் பார்க்க ஆள் வேண்டுமாம்.

தம்புள்ளையில் பதுர்தீன் மாத்தளை பஸ்ஸில் ஏறினார். இடமில்லை. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். நாலந்தைக்குக் கிட்ட, ஸக்கரியாவின் கறுப்புக் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ்ஸைத் தாண்டிப் போனது. நல்லையா கை காட்டினார். அதன் பின்னாலேயே, புல்லுக்குள் போன மற்ற இரண்டும் தாண்டிப் போயின.

டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கொண்டக்டர் கோப்பையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"முதலாளிதான் ஜெயிச்சீங்களா? அப்ப தோத்தவங்கெல்லாம் எதுல போறாங்க?"

"கார்ல" என்றார் பதுர்தீன்.