ஓசோன் அண்ணாச்சியும் கருகாத அட்டையும்

திருவனந்தபுரத்தில் சூரியனைக் கும்பிட்டவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, வெயிலில் வற்றல் காயப்போட்டவர்கள் ஏராளம். ஆனால் சூரியனை நாள் தவறாமல் கூப்பிட்டு நிறுத்தி விசாரணை செய்தவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது புழங்கியதில்லை. ஆபீசில் மலையாளிகளுக்கு அவர் ஓசோன் பிள்ளை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்கு ஓசோன் அண்ணாச்சி.

எழுபதுகளின் பிற்பாதி. நகரத்துக்கு நடுவே ஒரு மேட்டின் மேல் எங்கள் ஆபீஸ். வானத்தைப் பற்றிய எல்லாமும் அங்கே நடக்கும். காற்றை அளப்பார்கள், மழையை அளப்பார்கள், பலூன் விடுவார்கள். நான் அதையெல்லாம் டைப் அடித்து, உறையில் போட்டு, மேலிடத்துக்கு அனுப்புகிற கிளார்க். வானத்தோடு எனக்கு இருந்த சம்பந்தம் குடை வரைக்கும்தான்.

அண்ணாச்சியின் வேலை ஓசோன். தலைக்கு மேலே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வாயு இருக்கிறது, சூரியனின் கெட்ட கதிர்களை அதுதான் தடுக்கிறது என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அன்றைக்கு அதைச் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவரிடம் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதன் மூக்கைச் சூரியன் பக்கம் திருப்பி, மேலே இருக்கிற வட்டத்தைச் சுற்றிச் சுற்றி, முள் ஆடாமல் நிற்கிற இடத்தில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கணக்குப் போட்டால் மேலே எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும். பெட்டிக்குச் சூடு ஆகாது என்று சொந்தச் செலவில் மெத்தை தைத்துப் போர்த்தியிருந்தார். அண்ணாச்சி வீட்டில் அப்படி ஒரு மெத்தை கிடையாது என்று மதினி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மதினி என்றால் அண்ணாச்சியின் சம்சாரம்.

பழவங்காடிப் பக்கம் ஒரு திருநெல்வேலிக்காரர் ஹோட்டலில் நாங்கள் காலைப் பலகாரம் சாப்பிடுவோம். தோசை வந்ததும் அண்ணாச்சி அதைச் சாப்பிட மாட்டார். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, பரிமாறுகிறவரிடம் காட்டுவார். "மேல இருக்க அம்புட்டு ஓசோனையும் கீழ கொண்டாந்து பரத்தினா இந்தக் கனந்தான்வே இருக்கும். இது ஒண்ணுதான் நமக்கும் சூரியனுக்கும் நடுவுல." பரிமாறுகிறவர் முதல் மாதம் பயந்தார். இரண்டாவது மாதம் அண்ணாச்சிக்கு மட்டும் கொஞ்சம் கனமாக ஊற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

அண்ணாச்சிக்கு ஒரு பெருமை உண்டு. பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் அளந்திருந்தார். ஞாயிறு, ஓணம், ஹர்த்தால், காய்ச்சல் எதற்கும் விலக்கு இல்லை. திருவனந்தபுரத்து மழைக்காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பாடு புரியும். வெயில் அடித்தால் புத்தகத்தில் 'நேர் வெயில்' என்று எழுதுவார். இல்லாவிட்டால் மழை விட்டு மேகம் கொஞ்சம் வெளுத்தால் போதும், 'மேகம்' என்று எழுதி ஓர் எண் எடுத்துவிடுவார். ஒரு நாளில் பத்து நிமிடமாவது வானம் வழிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காக மனிதர் கழுத்தை அண்ணாந்தபடியே வாழ்ந்தார்.

ஓர் ஆடி மாதத்தில் விடிந்ததிலிருந்து கொட்டிய மழை நாலு மணிக்கு விட்டது. அண்ணாச்சி அப்போது முடிவெட்டும் கடையில், பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடினார். கழுத்தில் கட்டிய துணியும் கூடவே ஓடியது. துணிக்காகக் கடைக்காரர் ஓடினார். கடைக்காரர் கையில் கத்தி இருந்ததால், பார்த்தவர்கள் கொலை என்று நினைத்து அவர் பின்னால் ஓடினார்கள். மேட்டின் மேல் எல்லோரும் வந்து சேர்ந்தபோது அண்ணாச்சி எண் எடுத்து முடித்து, மீதி முகத்தை அங்கேயே காட்டினார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், ஒரு நாள்கூட அறுபடாத வரிசை அபூர்வம், தன்னுடைய பெரிய அட்டவணையில் அதைச் சேர்க்கப் போகிறேன் என்று. அந்தக் கடிதத்தை அண்ணாச்சி சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிவிட்டது. நாலையும் வரிசையாக வைத்து வாசித்துக் காட்டுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள் என்பதுதான் மதினியின் கஷ்டம். பெயர் பகவதி. முதலில் வந்த மாப்பிள்ளை கல்ஃப்காரர். பெண் பார்க்க வந்தவர், மாமனார் ஆகப்போகிறவருக்கு என்று ஒரு ஸ்பிரே செண்டு டப்பாவை எடுத்து, எப்படி அமுக்குவது என்று காட்ட, அறையின் நாலு மூலைக்கும் புஸ், புஸ் என்று அடித்தார். அந்த மாதிரி டப்பாவில் இருக்கிற வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று அண்ணாச்சி அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிப்பீர்கள் தம்பி என்று மரியாதையாகக் கேட்டார். மாப்பிள்ளை பெருமையாக, பத்துத் தடவை என்றார். அங்கே எல்லோருமே அடிப்பார்களா என்றார் அண்ணாச்சி. எல்லோரும்தான் என்றார் மாப்பிள்ளை. அண்ணாச்சி எழுந்துபோய் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தார். சம்பந்தம் அந்த ஜன்னல் வழியாகவே போய்விட்டது.

"பையனுக்குக் குடி உண்டா, சீட்டு உண்டான்னு விசாரிப்பாவ. இவரு செண்டு உண்டான்னு விசாரிக்காரு" என்று மதினி என்னிடம் அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது சம்பந்தம் தட்டு மாற்றுகிற வரைக்கும் வந்தது. அன்றைக்கும் விடிந்ததிலிருந்து மழை. சரியாகத் தட்டைக் கையில் வாங்கும் நேரத்தில் மழை விட்டு வெளியே வெளிச்சம் தெரிந்தது. அண்ணாச்சி தட்டோடு வாசலுக்குப் போனார், அப்புறம் தட்டை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது தட்டு இருந்தது, வந்தவர்கள் இல்லை.

மூன்றாவதாகத் தக்கலையில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தார். நல்ல பையன், செண்டு போடாதவர். ஐப்பசி மாதம் தக்கலைப் பக்கத்துக் குமாரகோவிலில் கல்யாணம். முந்தின நாளே போக வேண்டும், மறுநாள்தான் திரும்ப முடியும். அதாவது முழுசாக ஒரு நாள் அண்ணாச்சி ஊரில் இருக்க மாட்டார். மாற்று ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. நான்தான் அதைப் பிரித்தேன். மதினி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்களாம்: "தாரைவாக்க நேரத்துல நீங்க மேல பாத்தீயன்னா, நான் கீழ குளத்துல இருப்பேன்."

வேறு வழியில்லாமல் அண்ணாச்சி என்னைப் பிடித்தார். எனக்கு வயது முப்பத்து மூன்று, இரண்டு பிள்ளைகள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த ஃபைல் ஆபீசர் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் என்னைப் பெட்டி முன்னால் நிறுத்தி வட்டத்தைச் சுற்றவைத்தார். கடைசி நாள் கிளம்பும்போது சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மழைன்னா மழைன்னு எழுதும். கிட்டலேன்னா கிட்டலேன்னு எழுதும். கேட்டீரா? கையில இருந்து ஒண்ணும் போட்டிராதியும்."

கேட்டேன். காதில்தான் கேட்டேன்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே பிடித்த மழை நிற்கவேயில்லை. பத்து மணிக்கு நின்றுவிடும் என்று பார்த்தேன். பகல் ஒரு மணிக்கு நிற்கும் என்று பார்த்தேன். நாலு மணிக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். ஐந்தரைக்கு வானம் கரியடுப்பு மாதிரி இருண்டுவிட்டது. பெட்டியைத் திறக்கக்கூட முடியவில்லை. என் எதிரே புத்தகம் விரிந்து கிடந்தது. பதினோரு வருடம், ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய குண்டு குண்டான எழுத்து. இன்றைக்கு மட்டும் வெறும் கட்டம். அதுவும் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்த நாளில், என் கையால்.

மனசு கேட்கவில்லை. முந்தின நாள் எண்ணைப் பார்த்தேன். கல்யாண வீடாயிற்றே என்று இரண்டு கூட்டி எழுதினேன். காலை பத்து நாற்பது, முகூர்த்த நேரம். 'மேகம்' என்று போட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். மங்களகரமாக இருக்கட்டும் என்று 'நேர் வெயில்' என்று எழுதினேன்.

அதோடு விட்டேனா? எங்கள் ஆபீஸ் முற்றத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு உண்டு. அதன் பின்னால் ஓர் அட்டை செருகியிருக்கும். வெயில் அடிக்கிற நேரமெல்லாம் குண்டு வழியாக விழும் வெளிச்சம் அட்டையில் ஒரு கோடாகக் கருக்கிக்கொண்டே போகும். சாயங்காலம் அட்டையை எடுத்துத் தேதி போட்டு வைப்பது பியூனின் வேலை. அன்றைக்கு மழையில் அவர் வரவில்லை. பொறுப்பான மனிதன் நான் இருக்கிறேனே. குடை பிடித்துக்கொண்டு போய், அட்டையை எடுத்து, துடைத்து, தேதி எழுதி, அண்ணாச்சி மேசையில் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஆபீசுக்கு வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலம். கல்யாணம் நல்லபடி நடந்தது, தாரைவார்க்கும்போது மேலே பார்க்கவில்லை, பார்த்தாலும் அங்கேயும் மழைதான் என்றார். பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கட்டத்தில் எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"கிட்டிச்சாவே?"

"கிட்டிச்சு அண்ணாச்சி" என்றேன். வாய் நிறைய முந்திரிக்கொத்து.

அப்போதுதான் அவர் கை அந்த அட்டை மேல் பட்டது. எடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓர் இடத்திலும் கருகாமல், கடையில் வாங்கினது போல இருந்தது. அதைக் கொண்டுவந்து என் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். 'நேர் வெயில்' என்ற என் எழுத்தை ஒரு தடவை பார்த்தார், அட்டையை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் நின்றேன்.

"ஒங்க பதினோரு வருசம் போயிருமேன்னுதான் அண்ணாச்சி..."

"ஒரு நா இல்லேன்னா இல்லதான்வே. நான் என்ன செய்ய, மழை. இது ஒண்ணு பொய்யின்னா, மத்த பதினோரு வருசத்த எவன் நம்புவான்?"

பேனாவைத் திறந்தார். எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்தார். பதினோரு வருடமும் அந்த ஒரு கோட்டில் முடிந்தது. பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் நிதானமாக ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, நான் பார்க்குமுன் புத்தகத்தை மூடிக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனார்.

கதவு திறந்துதான் கிடந்தது. எனக்கு என் ஃபைல் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. ஆபீசர் மலையாளி, எங்களிடம் தமிழ் பேசிப் பழகியவர்.

"இதெந்தா பிள்ளே, இது உங்க எழுத்து இல்லல்லோ? ஆரு எழுதினது?"

"சாரே, எழுதினது யாரா இருந்தா என்ன. இப்பிடி எழுதச் சொல்லிட்டுப் போனது நான். மகளுக்குக் கல்யாணம், புத்தி கெட்டுப் போச்சு."

ஆபீசர் புத்தகத்தை மூடித் தள்ளிவைத்தார். அப்புறம் ஒரு மெமோ கொடுத்தார். ஓய்வு பெறும் வரை அண்ணாச்சி வாங்கிய ஒரே மெமோ. அதை டைப் அடித்தது நான். ஒரே தாளில் நாலு தப்பு விட்டேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

அன்றைக்கே அண்ணாச்சி அந்த வெளிநாட்டு விஞ்ஞானிக்கு எழுதினார், வரிசை ஒரு நாள் அறுந்துவிட்டது, மன்னிக்கவும் என்று. அவர் அட்டவணையில் எங்கள் ஊரைச் சேர்த்துக்கொண்டார். அறுபடாதது என்ற வார்த்தை மட்டும் இல்லை. அந்த நாளுக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி, அடியில் பொடி எழுத்தில்: மழை, பார்வையாளரின் மகள் திருமணம். விஞ்ஞானப் புத்தகத்தில் ஏறிய முதல் தக்கலைக் கல்யாணம் தன்னுடையதுதான் என்று பகவதி பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கொள்ளாம் என்று மட்டும் சொன்னார். நாலு துண்டுக் கடிதம் அதற்குப் பிறகு சட்டைப் பையில் இல்லை.

எண்பதுகளில், அண்ணாச்சி ஓய்வு பெற்று நாகர்கோவில் போன பிறகு, தென்துருவத்துக்கு மேலே ஓசோனில் ஓட்டை என்று பேப்பரில் செய்தி வந்தது. இரண்டாம் நாள் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. 'தோசையில் ஓட்டை விழுந்துவிட்டது, பார்த்தீரா' என்று ஒரே வரி. உலகம் பூராவும் பழைய ஓசோன் கணக்குப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தார்கள். எங்கள் புத்தகங்களையும் மேலிடம் கேட்டது. அப்போது நான் ஹெட் கிளார்க். பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு.

கட்டுமுன் அந்த ஐப்பசிப் பக்கத்தைத் திறந்தேன். அன்றைக்கு அவர் எழுதியதை அதுவரை நான் பார்த்ததில்லை. பார்க்கப் பயம். என் எண்ணின் மேல் அவர் இழுத்த கோடு. பக்கத்தில் குண்டு குண்டாக, 'நாள் முழுதும் மழை. பார்வை இல்லை. அடித்த பதிவு என் சொற்படி செய்யப்பட்டது, தவறு என்னுடையது.'

கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவர் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். அத்தனை வருடப் புத்தகங்களில் அண்ணாச்சி எழுதிய பொய் அது ஒன்றுதான். எனக்காக எழுதியிருந்தார்.