நான்கு டயருக்கும் முறை வைத்த கதை

ஒரு வேலையை முழுக்கத் தெரிந்தவன் யோசிப்பான். ஒன்றுமே தெரியாதவன் ஒதுங்கி நிற்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்பேனரைத் தேடுவான். இருபத்திரண்டு வயதில் நான் அந்த மூன்றாவது ஜாதி. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடையில் மூன்று வருஷம் பஞ்சர் ஒட்டியிருந்தேன். சைக்கிளுக்கு இரண்டு சக்கரம், லோரிக்கு நான்கு. எனக்குத் தெரிந்ததை இரண்டால் பெருக்கிக்கொண்டால் நானும் லோரி மெக்கானிக் என்று மனதார நம்பினேன். (சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவன் நான் இல்லை.)

ஜப்பான்காரன் காலம் அது. என் அக்கா பாக்கியத்தின் கணவர் முத்தையா, ஜப்பான்காரனின் உணவுக் கிடங்கில் லோரி டிரைவர். லோரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பலகைத் தட்டு, அவ்வளவுதான். மலாக்கா டவுனிலிருந்து அரிசி மூட்டையையும் மரவள்ளிக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு செமாபோக், உஜோங் பாசிர் பக்கமெல்லாம் போய் இறக்கிவிட்டு வரும். அந்த வேலைக்காக மாமாவிடம் முத்திரை குத்திய ஒரு சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுதான் எங்கள் குடும்பத்துக் குலதெய்வம். சீட்டு இல்லாத ஆம்பிளைகளைச் சாலையிலும் சந்தையிலும் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அக்காவுக்குக் கைக்குழந்தை, ஆறு மாதம். லோரி ஓடுகிற வரைக்கும் மாமா வீட்டில் இருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குச் சீட்டு கிடையாது. சைக்கிள் கடை மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. மாமாதான் என்னைக் கிளீனர் என்று சொல்லிக் கூட வைத்துக்கொண்டார். என் சீட்டைப் பற்றிக் கிடங்கில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

லோரி ஓட டயர் வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் மரம், ஆனால் ஊரில் ஒரு புது டயர் கிடையாது. பாலை வெட்டி வெட்டி வெள்ளைக்காரனுக்கு அனுப்பிப் பழகிய நாட்டுக்கு டயர் செய்யத் தெரியவில்லை. வெடித்த டயருக்குள் லாலாங் புல்லைத் திணித்து ஓட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் லோரியின் நான்கு டயரும் அந்த நிலைக்கு வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று மாமா சொல்லியிருந்தார்.

ஒரு மழை நாளில் செமாபோக் வளைவில் லோரியின் இடது முன் சக்கரம் சாலையோர லோங்காங்கில், அதாவது கால்வாயில், இறங்கிவிட்டது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி விட்டோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தச் சக்கரத்து டயரின் வெளிப்பக்க ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. உள்பக்கத்தில் பள்ளமெல்லாம் அப்படியே இருந்தது.

"மாப்ள, லோங்காங்குல எறங்குனதுலேருந்து ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்குது," என்றார் மாமா. "எங்கயோ வளைஞ்சிருக்கு போல. அந்த டயரு போனா போவட்டும், அங்கயே கெடக்கட்டும். மத்த மூணையும் தொடாத. நான் எங்கயாவது ஒரு பழைய டயரு பாத்துக்கிறேன்."

இதைவிடச் சரியான பேச்சை ஒரு மனிதன் பேச முடியாது. நான் கேட்டேனா? அப்படிச் செய்தால் ஒரு டயர் அநியாயமாகச் சாகும், மூன்று டயர் சொகுசாக இருக்கும், இது நியாயமா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோயில் இருந்தது. திருவிழா உபயத்தை வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்து எடுப்பார்கள். யாருக்கும் மனக்குறை இருக்காது. அதே ஏற்பாட்டை லோரிக்குக் கொண்டுவந்தேன். வாரத்துக்கு ஒரு டயர் இடது முன்பக்கம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஜாக்கி போட்டுத் தூக்கி, அங்கே இருந்ததைப் பின்னுக்கு அனுப்பி, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவருவேன். எது எப்போது எங்கே என்று கதவின் உள்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியும் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மலாக்கா செட்டி, தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறையாக மலாய்தான் பேச்சு. டயருக்குக்கூட முறை உண்டா என்று மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்று முடிந்தபோது என் பெருமையைத் தாங்க முடியவில்லை. நான்கு டயரும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. மாமாவைக் கைப்பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, இதற்குமேல் மாற்ற வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகும் இரண்டு சுற்று மாற்றினேன். அவர் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டயர்கள் வஞ்சனை செய்யவில்லை. நான் கற்றுக்கொடுத்த ஒற்றுமையோடு ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை உஜோங் பாசிரில் ஒன்று வெடித்தது. புதன்கிழமை கிடங்கு வாசலில் ஒன்று. மற்ற இரண்டிலும் ஓரத்தில் உள் நூல் தெரிந்தது, விரலை வைத்தால் நெருடியது. அரிசி மூட்டைகள் லோரியில் ஏறாமல் இரண்டு நாள் அடுக்கிக் கிடந்தன. மூன்றாம் நாள் காலை ஜப்பான் அதிகாரியின் கார் கிடங்குக்குள் திரும்பியது.

காரைப் பார்த்ததும் மாமா என் பக்கம் திரும்பாமலே பேசினார். "நீ வாயத் தொறக்காத. ஒங்கிட்ட சீட்டு இல்ல, கேட்டான்னா அப்படியே ஏத்திருவான். நான் டிரைவரு. டிரைவர் இல்லாம லோரி ஓடுமா? ரெண்டு அறை அறைவான், அவ்ளோதான்."

அதிகாரியோடு பட்டறைச் சிப்பாய் ஒருவனும் வந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். நான்கு டயரையும் தடவிப் பார்த்தான். கதவில் இருந்த என் சுண்ணாம்பு எழுத்தைப் பார்த்தான். பிறகு ஒரு நூலின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டி, கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பதைப்போல, இடது முன் சக்கரத்தின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டான். நூல் மேலே டயரை ஒட்டி நின்றது. கீழே டயருக்கும் நூலுக்கும் நடுவே என் நாலு விரல் போகும். சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. அச்சு வளைந்த இடத்தில் எந்த டயரைப் போட்டாலும் ஓரம் தேயத்தான் செய்யும். ஒரு டயரைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய பேயிடம் நான் நான்கையும் வரிசையாக அனுப்பியிருக்கிறேன். அரை நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு ஒரு நூலும் ஒரு நட்டும் போதுமானதாக இருந்தது.

அதிகாரிக்கு வேறு மாதிரிப் புரிந்தது. நான்கு டயரும் ஒரே ஓரத்தில், ஒரே அளவுக்குத் தானாகத் தேயுமா? யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினான். டயர்களைக் கவனித்துக்கொள்வது யார் என்று கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி மலாயில் மொழிபெயர்த்துக் கேட்டார்.

"சாயா, துவான்," என்றார் மாமா. நான்தான் ஐயா.

அவர் சொன்னபடி இரண்டு அறைதான் விழுந்தது. அதற்குமேல் அவர் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. டிரைவர் இல்லாமல் லோரி ஓடாது, சரி. டயர் இல்லாமலும் ஓடாதே. ஓடாத லோரிக்கு டிரைவர் எதற்கு? அதிகாரி கையை நீட்டினான். மாமா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் லோரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜாக்கிக் கம்பி என் கையில் இருந்தது. வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லியிருந்தார், திறக்கவில்லை. அவ்வளவு சொல்பேச்சு கேட்பவனாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பிறகும் இருந்ததில்லை.

அந்த வாரமே மாமாவைச் சயாமுக்கு ஏற்றினார்கள். சண்டை முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீடாகப் போய் விசாரித்தாள். காய்ச்சலில் போய்விட்டார் என்றார் ஒருவர். வேறு முகாமில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். எந்த நாள் என்று தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்குத் திதி கொடுக்கிறோம்.

டயர் கதை மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. முதலில் சிரித்தவள் அக்காதான். ஒரு கல்யாணத்தில், என் தம்பி நாலு டயருக்கும் உபயம் கொடுத்தவன் என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது அது எங்கள் குடும்பத்துப் பழமொழி. ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும்போது மற்றப் பிள்ளைகளை யாராவது பக்கத்தில் படுக்க வைத்தால், "மாமா டயரு மாத்துன மாதிரி செய்யாத" என்று சத்தம் வரும். பிள்ளைகளுக்கு மாமா நான்தான். விருந்து நாட்களில் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சுண்ணாம்புக் கட்டியிலிருந்து நட்டும் நூலும் வரைக்கும் நடித்துக் காட்டுவேன். அங்கேயே நிறுத்திவிடுவேன். சிரித்து முடித்துச் சாப்பிடப் போவார்கள்.

ஒரே ஒரு முறை, ஒரு திதி அன்று, இலையை எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "அன்னைக்கு அவர அறைஞ்சப்ப நீ எங்கடா நின்ன?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன் என்றேன். அவள் சரி என்று இலையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எழுதுவதையெல்லாம் அவள் பேத்திதான் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். டயர் கதை என்றால் இரண்டு பேருக்கும் சிரிப்பு முன்னாலேயே வந்துவிடும். இந்த முறை கடைசிவரைக்கும் எழுதியிருக்கிறேன்.