பதினோரு பழைய இரும்புகள்

பீரோ போகட்டும், கட்டில் போகட்டும், கட்டிய மனைவியும் போகட்டும்; கடையில் இருக்கும் பதினோரு தையல் மெஷின்களில் ஒரு திருகாணிகூடக் கைமாறக் கூடாது என்று மெக்கானிக் உறுதி எடுத்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ கைவிட்ட மெஷின். பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, தன் கையாலேயே உயிர் கொடுத்து, கடைக்கே வந்து தைக்கும் தையல்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தார். அவை இல்லாவிட்டால் அவர் மெக்கானிக் இல்லை, ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் ஒரு ஆள். அவ்வளவுதான்.

விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்தாகிவிட்டது. பத்தொன்பது வருடச் சண்டை ஓய்ந்து, சாமான் பிரிக்கும் கட்டம். "இருக்கிறதை எல்லாம் எழுதிக் கொண்டாங்க. எது எந்த நிலைமையில இருக்குன்னும் எழுதுங்க" என்றார் வக்கீலம்மா.

மெஷின்களின் நிலைமையை மெக்கானிக்தானே சொல்ல முடியும்?

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம் அது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பக்கத்துக் கடைச் சாவிக்காரரிடம் போய் மார்தட்டினார்.

"பதினொண்ணும் பழைய இரும்புன்னு எழுதப்போறேன். பழைய இரும்புல எவளாவது பங்கு கேப்பாளா?"

"ஓட்டிப் பாத்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"எப்படி ஓடும்? பாபின் கேஸை எல்லாம் கழட்டிட்டேன்ல! அது இல்லாம ஒரு தையல் விழாது. டப்பாவுல போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு."

"அண்ணி இத்தனை வருஷமா கல்லாவுல உக்காந்தவங்கண்ணே..."

"உக்காந்தவதான். ஸ்க்ரூடிரைவர் பிடிச்சவ இல்ல."

அன்று மாலையே பட்டியல் எழுத உட்கார்ந்தார். முதல் மெஷினுக்கு, 'தண்டு வளைந்தது, உதவாது.' இரண்டாவதற்கு, 'மோட்டார் புகைந்தது, உதவாது.' ஐந்தாவதற்குள் கற்பனை சூடு பிடித்துவிட்டது. 'மனித முயற்சியால் சரி செய்ய இயலாது' என்று எழுதினார். பதினோராவதற்கு இரங்கற்பா பாடாததுதான் குறை. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கடை முத்திரை, தேதி.

வக்கீலம்மாவின் அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அது வக்கீலம்மா பக்கம் திரும்பியிருந்தது. பட்டியலை அவர் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் படித்தார்.

"பதினோரு மெஷினும் உதவாதா?"

"ஒண்ணுகூட உதவாதும்மா. தொழில்காரன் நான் சொல்றேன்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாவம், மனுஷன் கஷ்டப்பட்டு எழுதியிருக்கார். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வண்டி எல்லாத்தையும் அவரே வச்சுக்கட்டும். எனக்கு இந்தப் பழைய இரும்பு போதும்."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், பழைய இரும்பை வச்சு நீ என்ன பண்ணப்போற?"

"உங்களோட குப்பை கொட்டலையா? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

"அம்மா, அது வந்து... ஒண்ணு ரெண்டு ஓடும்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விவரம் பொய்யா? இது கோர்ட்டுக்குப் போற காகிதம், தெரியும்ல?"

"பொய்யில்ல!"

"அப்ப ஓடாது?"

"ஓடவே ஓடாது!"

"பிறகென்ன? பங்கு பிரிச்ச பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "கட்டில் அவருக்கு. கட்டிலுக்கு அடியில ஒரு டப்பா இருக்கு. அது எனக்குன்னு சேத்து எழுதிடுங்க."

மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த டப்பா?"

"வீட்டைக் கூட்டுறது யாருங்க, நீங்களா?"

மறுநாள் வேன் வந்தது. பதினொன்றும் ஏறின. டப்பாவை மட்டும் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மெக்கானிக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினார்: "போ! மெக்கானிக் இல்லாம மெஷின் எத்தனை நாள் ஓடும்? ஒரு மாசத்துல என் வாசல்ல வந்து நிப்ப!"

ஒரு மாதத்தில் வாசலில் வந்து நின்றது உண்மைதான். ஆனால் நின்றவர் அவர். வாசல் அவளுடையது. இரண்டு தெரு தள்ளிப் புதுக் கடை. பதினோரு மெஷின்களும் தடதடத்துக்கொண்டிருந்தன. கதவில் ஒரு அட்டை: 'மெக்கானிக் தேவை.'

"வழியில போனேன்" என்றார். "பாவம்னு தோணுச்சு. வேணும்னா உதவி பண்றேன். எனக்கொண்ணும் அவசியமில்ல."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நாற்காலி போடவில்லை.

"நீங்க கைவிட்ட பதினொண்ணையும் ஒரே சாயங்காலத்துல ஓட வச்சவ நான்" என்றாள். "முதல் மூணு மாசம் சம்பளம் இல்லாம பக்கத்துல நின்னு தொழில் கத்துக்குங்க. அப்புறம் பார்க்கலாம்."