பல்செட்டும் செம்பூர் ஞாயிறும்

மாதுங்காவில் தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கரண்டிகூட இடம் மாறாது என்பது வேங்கடசுப்ரமணியனின் பெருமை. ரயில்வே ஆபீஸில் ஆடிட் செக்‌ஷன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். குளியலறை அலமாரியில் மனைவி அபயாம்பாள் மூடிபோட்டு வைத்திருந்த சின்னச் செம்பைப் பார்த்த மாத்திரத்தில், யாரையும் கேட்காமலே, அது கங்கா ஜலம் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் குளித்தவுடன் அதற்கு ஒரு கும்பிடு.

அப்பேர்ப்பட்டவருக்கு மேல் பற்கள் ஆட்டம் கண்டன. எல்லாவற்றையும் பிடுங்கி, ஈறு ஆறும்வரை மாதக்கணக்கில் குழைந்த ரசஞ்சாதம் சாப்பிட்டு, ஒரு சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் பார்சி டாக்டரிடம் புதுப் பல்செட் மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் வயசு குறைந்திருந்தது. வாய்க்குள்தான் யாரோ வாடகைக்குக் குடிவந்த மாதிரி இருந்தது. டாக்டர் சொன்ன யோசனைகளில் பாதி அவருக்குப் பிடித்தது. பிடிக்காத பாதியைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

காரணம் செம்பூர். அங்கே அபயாம்பாளின் அண்ணா, ரிடையர் ஆனவர், பம்பாயின் ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷன் மேலும் வெண்பா எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் தங்கை புருஷனை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவார். போன வாரம் காட்கோபர் வெண்பாவில் வேங்கடசுப்ரமணியன் தூங்கிவிட்டார். மைத்துனர் எழுப்பி, தாதரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அதே ஞாயிறுகளில் பக்கத்து பில்டிங் வெங்கடராமன் வீட்டில் ரம்மி நடந்தது. நாளைக்காவது அங்கே போய்ச் சீட்டைத் தொடாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் உத்தரவு என்று ஆரம்பித்தார். ஈறில் பஸ் காற்று படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காற்று ரொம்பக் கெடுதல். வேளா வேளைக்கு நெய் ஒழுகக் கேசரி சாப்பிட வேண்டும். அபயாம்பாள் தட்டையைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேசரியில் முந்திரி போடலாமா என்றாள். பொடியாக நறுக்கிப் போடச் சொன்னார் என்று டாக்டர் தலையில் அதையும் கட்டினார். கேசரி வந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அபயாம்பாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்கோ, அண்ணா காத்துண்டிருப்பார்."

"பஸ் காத்து படப்படாதுன்னேனே."

"படலாம்."

"உனக்கென்னடி தெரியும்? சொந்தப் பல்லோட இருக்கறவாளுக்கு இந்த அவஸ்தையெல்லாம் புரியாது."

அபயாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி, தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பியபோது உள்ளங்கையில் ஒரு மேல்வரிசைப் பல்செட் இருந்தது. அவர் நன்றாகப் பார்க்கும்வரை காட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நீங்க டெபுடேஷன்ல நாக்பூர் போயிருந்தப்போ கட்டிண்டது. அதே பார்சி டாக்டர்தான். மொதல்ல மெத்துனு இருக்கறதை, சின்னச் சின்னதா, ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிடணும். எங்கேயாவது குத்தினா நாமளே தேய்க்காம அவர்கிட்டயே காட்டணும். ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும், வெந்நீர் ஆகாது. பஸ்ஸைப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லலை."

நாக்பூரிலிருந்து திரும்பிய அன்று இவள் முகம் என்னமாய்ப் பிரகாசித்தது! தன்னைக் கண்ட சந்தோஷம் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டாரே. ஈறைவிட அதுதான் அவருக்கு வலித்தது. அப்புறம்தான் 'தண்ணியில' என்ற வார்த்தை மெதுவாக உறைத்தது.

"அப்போ அந்தச் செம்பு..."

"நீங்க பக்தியா கும்பிடறதை நான் ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"ஆடிட்காரராச்சே, நீங்களே கண்டுபிடிப்பேள்னு பார்த்தேன்."

அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்டும்போது, டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருப்பாரே என்று அபயாம்பாள் கேட்டாள். கிளினிக் வாசலில் விட்டுவந்தது வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அவர் அடுத்த பொத்தானைத் தேட, அவளே சொன்னாள்.

"நாக்கு பழகறவரைக்கும் தினம் சத்தம்போட்டு வாசிக்கணும். நேத்தே கீழ்க் கடையிலேர்ந்து அண்ணாவுக்குப் போன் பண்ணிட்டேன். இனிமே அவர் கேக்கறாராம், நீங்கதான் வாசிக்கணும். ஹார்பர் லைன் ஸ்டேஷனெல்லாம் ஆரம்பிச்சிருக்கார்."